நிற்பாட்டப் பழகின கதை



போன கிழமை பாடசாலையில் புதிதாக வந்த இரண்டு டீச்சர்மார் எங்களிடம் வந்து, "நாங்களும் ஒரு பழைய ஸ்கூட்டி எடுக்கப் போறம், என்னென்ன பார்த்து எடுக்கணும்?" என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கி, புத்தகத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது. மிச்சத்தை எழுதித் தருகிறோம் என்று சொன்னோம். எழுத இருந்தபோதுதான், மூன்று பேருக்கு மட்டுமே சொன்ன ஒரு விஷயத்தையும் எழுதாமல் இது முடியாது என்று விளங்கியது. அதனால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறோம். நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

பக்கம் ஒருவருடையதாக இருந்தாலும் வண்டி இருவருடையது. அதனால் முழுக்க 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். எதை யார் செய்தது என்று பிரித்துச் சொல்வதில்லை என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இன்பொக்சில் வந்து கேட்டும் பிரயோசனமில்லை.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: அட்டாளைச்சேனை கல்வியியல் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே பிரிவு, விடுதியில் ஒரே அறை. ஒரு ஸ்திரிப்பெட்டியைப் பங்குபோட்டுப் பாவித்தவர்கள். பிறகு ஆளுக்கொரு திசையில் நியமனம் கிடைத்து, பல வருடம் கழித்து இறக்காமப் பக்கம் ஒரே பாடசாலைக்கு மாற்றம் வந்தது. வீடு இருவருக்கும் அக்கரைப்பற்று. காலையில் அம்பாறை பஸ்ஸில் ஏறி, சந்தியில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ. பஸ் பத்து நிமிடம் பிந்தினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். ஆசிரியர்களுக்கு அந்தக் கோட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஏழரைக்குப் பிறகு வருபவர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கையொப்பம் வைக்க வேண்டும். பதினைந்து வருடம் படிப்பித்தவருக்கும் அதற்குக் கீழே ஒப்பம் வைக்கும்போது கை கூசும்.

2021 கடைசியில், கொரோனா மூடலுக்குப் பிறகு பாடசாலைகள் திறந்தபோது பஸ் ஒழுங்கில்லை. மாதம் பேசி ஓட்டோவில் போனால் சம்பளத்தில் பெரிய துண்டு அதற்கே போனது. அப்போதுதான் ஸ்கூட்டி யோசனை வந்தது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலம். புதியது நினைக்கவே முடியாது. பழையதுக்கும் நெருப்பு விலை. ஒருவரின் சீட்டுக்காசு, மற்றவரின் ஒரு சோடிக் காப்பு. காப்பை அடகு வைக்கவில்லை, விற்றோம். அதன் பிறகு எங்களில் ஒருவரின் வாப்பா வந்து வண்டி பார்த்தார்.

வாப்பா இ.போ.ச.வில் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் இருவருக்கும் அவர் வாப்பாதான். விற்பவர் வண்டியை முற்றத்தில் ஓட விட்டுக் காட்டினார். வாப்பா ஓடுகிற வண்டியைப் பார்க்கவேயில்லை. "நிப்பாட்டுங்க தம்பி, ஆறட்டும்" என்றார். சூடான எஞ்சின் எப்போதும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். ஆறும்வரை மற்றதெல்லாம் பார்த்தார். புத்தகத்தில் உள்ள செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா. புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நிற்கிறதா. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு கிழமை, கடைசி இரண்டு வருடம். எங்கள் பின் டயரில் 2314 என்று இருந்தது. 2014ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. பூ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. டயர்க் காசை விலையில் குறைத்தார்.

விற்பவர், "ஓபன் பேப்பரில தாறன், ஆறுதலா பேர் மாத்துங்க" என்றார். வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. புதிய டீச்சர்மாரே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் மாறாத வண்டி உங்களுடைய வண்டி அல்ல. முதல் சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்டால், அல்லது மௌத்தாகிவிட்டால், ஒப்பத்துக்கு நீங்கள் எங்கே போவீர்கள்?

பழகினது கடற்கரைப் பக்கத்து மைதானத்தில். சுபஹுக்குப் பிறகு, பொடியன்மார் பந்தடிக்க வருவதற்கு முந்தி. முதல் மூன்று நாளும் வாப்பா சாவியைத் தரவேயில்லை. எஞ்சினைப் போடாமல் வண்டியில் இருக்க வைத்து, பின்னால் தள்ளிக்கொண்டு ஓடுவார். "பிடி" என்றதும் இரண்டு பிறேக்கையும் ஒன்றாக, மெதுவாகப் பிடித்து நிற்க வேண்டும். திரும்பவும் தள்ளுவார். அறுபதைத் தாண்டிய மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "வாப்பா, சாவியைத் தாங்களேன்" என்றால், "ஓடுறதுக்கு முந்தி நிப்பாட்டப் பழகுங்க புள்ள. ஓட்டம் தன்னால வரும்" என்பார். இந்தச் சொல் பிறகு எங்களை எவ்வளவு சுட்டது என்று கீழே வரும்.

சாவி கிடைத்த பிறகு விழுந்தோம். இருவரும் விழுந்தோம். மணல் என்பதால் வலியை விட வெட்கம்தான் அதிகம். விழுவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: பயத்தில் கைப்பிடியை இறுகப் பிடிப்போம், இறுகப் பிடித்தால் எக்சிலேட்டரும் சேர்ந்து திரும்பும், வண்டி பாயும், பாயும்போது இன்னும் இறுகப் பிடிப்போம். கையைத் தளர்த்துவதுதான் மருந்து. எழுத்துப் பரீட்சையில் நாற்பது கேள்விக்கு இருவரும் நல்ல புள்ளி. ஆசிரியர்கள் அல்லவா! ஓட்டப் பரீட்சையில் எட்டுப் போடும்போது எங்களில் ஒருவர் கால் ஊன்றிவிட்டார். அவர் இரண்டாம் தரம்தான் சித்தி. யார் என்று சொல்லமாட்டோம்.

உடுப்பு விஷயமும் சொல்ல வேண்டும். அபாயாவின் ஓரமும் ஷோலின் நுனியும் பின் சில்லுக்குள் போனால் பெரிய ஆபத்து. ஓரத்தைக் காலுக்கடியில் மடித்து இருப்போம், பின்னால் இருப்பவர் கால் வைக்கும் முன் குனிந்து ஒரு தரம் பார்ப்பார். ஹெல்மட்டுக்குக் கீழே வருகிற இடத்தில் பின் ஊசி குத்துவதில்லை. ஏன் என்று ஒருநாள் குத்திப் போனால் தெரியும்.

ஊர்வாய் பற்றிக் கேட்பீர்கள். இருந்தது. எங்கள் ஊரில் ஸ்கூட்டியில் போகிற பெண்கள் அப்போதும் கொஞ்சப் பேர் இருந்தார்கள், ஆனால் அம்பாறை வீதியில், வயலுக்கு நடுவே, தூரப் பயணம் போவதென்றால் சிலருக்குச் சமிக்கவில்லை. முதல் கிழமையே ஒரு பெரியவர் சந்தியில் நின்று கையை உயர்த்தி, "ஸ்டாண்ட்! ஸ்டாண்ட்!" என்று கத்தினார். எங்களை நிற்கச் சொல்லி ஏசப் போகிறார் என்று நினைத்து, கொஞ்சம் வேகத்தைக் கூட்டிப் போய்விட்டோம். அடுத்த வளைவில் டர்ர்ரென்று ஒரு சத்தம், வண்டி ஆடிப்போனது. பார்த்தால் சைட் ஸ்டாண்ட் மடிக்கப்படாமல் கீழே தொங்குகிறது. பாவம், அந்த மனிதர் சொன்னது அதைத்தான். அடுத்த நாள் வண்டியை நிறுத்தி ஸலாம் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். வாய் வைப்பவர் எல்லோரும் ஏசத்தான் வருகிறார்கள் என்று நினைப்பது எங்களிடம் இருந்த ஒரு பிழை.

நன்றாக ஓடத் தொடங்கியபோது பெற்றோல் இல்லாமல் போனது. 2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாடசாலை மூடியிருந்த நாட்களும், பிறகு கிழமைக்கு மூன்று நாள் மட்டும் நடந்த நாட்களும். வண்டி முற்றத்தில் படங்குக்குக் கீழே கிடந்தது. கியூஆர் வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கிடைத்தபோது ஆசையோடு ஸ்டார்ட் பண்ணினோம். எழும்பவில்லை. மாதக்கணக்கில் காபரேட்டரில் நின்ற பெற்றோல் கெட்டு, ஜெட் அடைத்திருந்தது. கழற்றித் துப்பரவாக்கின பிறகுதான் எழும்பியது. அன்றிலிருந்து, நீண்ட நாள் வண்டி நிற்கப்போகிறதென்றால் காபரேட்டரை வடித்துவிடுவோம்.

இனி, எழுதாமல் விட முடியாத விஷயம்.

2022 டிசம்பர் மழையில் தினமும் தண்ணீருக்குள்ளால்தான் ஓடினோம். மழை குறைந்ததும் பின் பிறேக் கத்தத் தொடங்கியது. பிடித்தால் கீச்சென்று சத்தம், லீவரும் உள்ளே உள்ளே வந்தது. பிறேக் கேபிள் முடியும் இடத்தில், சில்லுக்குப் பக்கத்தில், ஒரு நட் இருக்கும். அதை முறுக்கினால் லீவர் திரும்ப இறுகும். அந்த வித்தை எங்களுக்குத் தெரிந்திருந்தது. முறுக்கினோம். நாலு நாள் கழித்து மறுபடி முறுக்கினோம். இரண்டு கிழமையில் நட் மரையின் கடைசிக்கு வந்துவிட்டது. கராஜுக்குப் போகவில்லை. விடைத்தாள், புள்ளிப் பதிவு என்று வேலை. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினோம்.

2023 ஜனவரியில் ஒரு காலை. ஏழு இருபது இருக்கும். கோட்டுக்கு மேலே ஒப்பம் வைத்துவிட வேண்டும் என்ற அவசரம். பாடசாலைப் படலைக்கு இருபது யார் இருக்கும்போது தரம் மூன்று பிள்ளை ஒன்று, கையிலிருந்து உருண்ட தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால் வீதிக்கு ஓடி வந்தது. பிறேக் இரண்டையும் பிடித்தோம். பின் லீவர் கைப்பிடியில் வந்து முட்டியது, ஆனால் வண்டி நிற்கவில்லை. அந்த ஒரு விநாடியை எழுத எங்களுக்குத் தெரியவில்லை. வண்டியை வேலிப் பக்கம் திருப்பி விழுந்தோம். பிள்ளை பயத்தில் விழுந்து முழங்கை உரசிக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ், வேறொன்றும் இல்லை. போத்தல் முன் சில்லுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "புள்ள குறுக்க பாய்ஞ்சிட்டு. டீச்சர்மாரில பிழையில்ல." இடைவேளைக்கு அந்தப் பிள்ளையின் உம்மா பதறிக்கொண்டு வந்து, "மன்னிச்சிக்கங்க டீச்சர், எத்தின தரம் சொல்லியும் கேட்காத புள்ள" என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்து நின்றது. நாங்கள், "பரவாயில்ல" என்று சொன்னோம்.

அன்று பின்னேரம் கராஜில் தம்பி பின் சில்லைக் கழற்றினார். டிரம் பிறேக் என்பது ஒரு சட்டிக்குள் இரண்டு பிறைத் துண்டுகள். லீவரைப் பிடித்தால் அவை விரிந்து சட்டியின் உட்சுவரில் உரசி நிறுத்தும். உரசுவதற்கென்று பிறையின் மேல் ஒரு கட்டை ஒட்டியிருக்கும். எங்களுடையதில் கட்டையே இல்லை. இரும்பு இரும்பில் உரசி, சட்டியின் உள்ளே கோடு கோடாக வெட்டு விழுந்திருந்தது. நட்டை முறுக்கினால் லீவர்தான் இறுகும், தேய்ந்த கட்டை வளராது. தம்பி ஒன்றும் ஏசவில்லை. பிறேக் புயம் பொருத்தியிருக்கும் இடத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைக் காட்டி, "இது இந்தக் கோட்டுக்கு வந்தா கட்டை முடிஞ்சிதெண்டு அர்த்தம் டீச்சர்" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வண்டியைத் துடைத்திருக்கிறோம். அம்புக்குறியைப் பார்த்ததேயில்லை.

அந்த 'பரவாயில்ல' இரண்டு இரவு எங்களைத் தூங்க விடவில்லை. போனில் சண்டை பிடித்தோம், உண்மையாகவே. ஒருவர், போய்ச் சொல்லிவிடுவோம் என்றார். மற்றவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: சொன்னால் அது ஊருக்குப் போகும். 'பொம்புளப் புள்ளைகள் வண்டி ஓடினா இப்படித்தான்' என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு நாங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். எங்களுக்குப் பின்னால் வரப்போகிற டீச்சர்மாருக்கும் வழி அடைபடும். பிள்ளைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே.

கடைசியில் எங்களைத் தள்ளினது வகுப்பறைதான். மூன்றாம் நாள், கண்ணாடியை உடைத்தது யார் என்று தரம் ஐந்தில் விசாரணை. பிழையை ஒத்துக்கொள்பவருக்குத் தண்டனை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சொன்னவருக்கு வாய் நின்றுவிட்டது.

அன்று பாடசாலை விட்டதும் ஒரு புதிய தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். பிள்ளையின் வாப்பா உழவு மெஷின் ஓடுகிறவர். வயலிலிருந்து வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னோம்: பிள்ளை ஓடி வந்தது உண்மைதான், ஆனால் பிறேக் சரியாக இருந்திருந்தால் வண்டி நின்றிருக்கும். இரண்டு கிழமையாகப் பழுது என்று தெரிந்தும் ஓடினோம். பிழை எங்களுடையது. உம்மா வாயில் கை வைத்தபடி நின்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். பின் லீவரைப் பிடித்துப் பார்த்தார். வண்டியைத் தள்ளி முன் லீவரைப் பிடித்துப் பார்த்தார். குனிந்து முன் சில்லைப் பார்த்தார்.

"பின்னுக்கு மாத்திரிக்கீங்க. முன்னுக்கும் மாத்தணும். இதுவும் முடியிற கட்டம்" என்றார்.

நாங்கள் பின் பிறேக்கை மட்டும்தான் மாற்றியிருந்தோம். முன்னாலும் அதே தண்ணீரில்தான் ஓடியது என்று யோசிக்கவில்லை. நேரே கராஜுக்குப் போய் மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை மன்னித்தாரா என்று கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பிள்ளை புதிய போத்தலோடு பாடசாலைக்கு வந்தது. சில மாதம் கழித்து அவரே பாடசாலைக்கு வந்து, மூத்த மகளின் கணித வகுப்பைப் பற்றி எங்களிடம் பேசிவிட்டுப் போனார். போகும்போது எங்கள் வண்டியைக் கடந்துதான் போனார். ஒரு விநாடி நின்று பின் சில்லைப் பார்த்தார்.

ஊர் கதைத்ததா? கதைத்தது, ஒரு கிழமை. பிறகு வேறு கதை வந்தது. நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதே வருடம் எங்கள் பாடசாலையில் இன்னும் மூன்று டீச்சர்மார் ஸ்கூட்டி எடுத்தார்கள்.

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வண்டிக் கொப்பி இருக்கிறது. எண்பது பக்கக் கொப்பி, கோடு போட்டுத் தலைப்பு எழுதியது. ஆசிரியப் புத்தி போகாது. அதில் உள்ளதைத்தான் புதிய டீச்சர்மார் கேட்டார்கள்:

தினமும் காலையில் வண்டியைத் தள்ளி, ஓடுவதற்கு முந்தி இரண்டு பிறேக்கையும் பிடித்துப் பார்ப்பது. வாப்பாவின் முதல் பாடம் அது.

சனிக்கிழமை டயருக்குக் காற்று. பின் டயருக்குக் கூட, இருவர் போவதால். அன்றே லைட், சிக்னல், ஹோன்.

2,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் எஞ்சின் ஒயில். நடுவில் ஒரு தரம் குச்சியை இழுத்து அளவு பார்ப்பது. பின் சில்லுப் பக்கம் கியர் ஒயில் என்று வேறாக ஒன்று இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

அறுவடைக் காலத்தில் எயார் ஃபில்டர். வயல் தூசியும் வைக்கோல் தும்பும் அடைத்தால் வண்டி இழுக்காது, பெற்றோலும் கூடப் போகும். வீதியில் காயப்போட்ட நெல்லின் மேல் பிறேக் பிடிக்கவே கூடாது, மணல் மாதிரிச் சறுக்கும்.

தண்ணீருக்குள்ளால் வந்தால், பின்னால் வாகனம் வராத இடத்தில் மெதுவாகப் பிறேக்கைப் பிடித்துப் பிடித்து ஓடிக் காயவைப்பது. வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் வண்டியைத் திருப்பிவிடுவது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் நடந்ததை எங்கள் பகுதியில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. சிவப்புக் கோட்டை அடுத்த நாளும் போடுவார்கள்.

கடைசி: வண்டி கத்தினால் அன்றே பார்ப்பது. அதற்கு நேரே கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறோம்.

2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கியதும், "இன்னுமா இதை வச்சிருக்கீங்க, மாத்துங்களேன்" என்று கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் இதன் ஒவ்வொரு நட்டும் இப்போது எங்களுக்குத் தெரியும். புதியதென்றால் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

புதிய டீச்சர்மாரே, வண்டி எடுத்ததும் சொல்லுங்கள். சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு மைதானத்துக்கு வாருங்கள். வாப்பாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம், பின்னால் ஓட முடியாது. கதிரை போட்டு இருந்து சொல்லித் தருவார். தள்ளுவதற்கு நாங்கள் இருக்கிறோம். முதல் மூன்று நாளும் சாவி கேட்க வேண்டாம், தரமாட்டோம்.